பெருவெடைச் சேவலைச் செல்லப்பிராணியாக வளர்க்கலாமா?

கேள்வி:
திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் மாமா வீட்டிலிருந்து, ஒரே அடையில் பொரித்த, பெருவெடை என்னும் சண்டைக்கோழி இனத்தின் இரண்டு சேவல் குஞ்சுகளைக் கொண்டுவந்தோம். சண்டைக்கு விடும் எண்ணம் துளியும் இல்லை. என் ஏழு வயது மகள்தான் கையில் கம்பு வைத்து ஊட்டி வளர்த்தாள். ஐந்து மாதம் ஒரே பஞ்சாரத்தில் அடைந்தவை, போன வாரம் ஒன்றின் கண் வீங்கி மூடும் அளவுக்குக் கொத்திக்கொண்டன. ஆனால் இரத்தம் வழிய நின்ற சேவலை நான் தூக்கியபோது அது என்னைக் கொத்தவே இல்லை. இதை நம்பி மகளை அருகில் விடலாமா?

மறுமொழி 1:
நீங்கள் கண்டது இந்த இனத்தின் இயல்புதான். பெருவெடையும் சேர்ந்த அசில் வகைச் சண்டைச் சேவல்களைத் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தினமும் கையில் பிடித்து, உடம்பை நீவி, ஈரத்துணியால் துடைத்து வளர்த்திருக்கிறார்கள். பிடிப்பவரையே கொத்தும் சேவலை யாரும் இனவிருத்திக்கு வைத்துக்கொள்வதில்லை. அதனால் ஆளிடம் சாதுவாக இருக்கும் குணமும் இன்னொரு சேவலைக் கண்டால் பின்வாங்காத குணமும் ஒரே உடம்பில் சேர்ந்தே வருகின்றன. அன்பு காட்டி இரண்டாவதை மாற்ற முடியாது. இரண்டையும் இனி ஒன்றாக விடாதீர்கள். கம்பி வலை மட்டும் போதாது, ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி இடையில் தென்னந்தட்டியோ தகரமோ வையுங்கள். எங்கள் சேவல் பைக்கின் பளபளப்பான பெட்ரோல் டேங்கில் தன் உருவத்தைப் பார்த்து அரைமணி நேரம் மோதி அலகைக் கிழித்துக்கொண்டது.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் குழந்தை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும், சகோதரி. கோபத்தால் அல்ல, பளிச்சென்று தெரிவதைக் கொத்திப் பார்க்கும் வழக்கத்தால், தோட்டையும் கண்ணையும் சேவல் கொத்திவிடக்கூடும்; எனவே முகத்தருகே தூக்கிக் கொஞ்ச விடாதீர்கள். கால் முள் வளர்ந்துவிட்டால் நுனியை மட்டும் அரத்தால் மழுங்கத் தேய்க்கலாம். அடியோடு வெட்டினால் உள்ளே உயிர்ச்சதை இருப்பதால் இரத்தம் கொட்டும். பெட்டை துணைக்கு வாங்குவதானால், அடை அமரும்போது அது சேவலைவிடப் பொல்லாதது என்பதை மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா? இல்லையென்றால் உடனே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். அப்படியே அந்தக் கண்ணையும் காட்டிவிடுங்கள்.

மறுமொழி 3:
இன்னொன்று. நல்ல உயரமும் தவக்களைப் பூ எனப்படும் கொண்டையும் உள்ள சேவல் வாசலில் நின்றால் விலை கேட்டு ஆட்கள் வருவார்கள். சேவலை அடுத்த சேவலோடு மோத விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்றாலும், கேட்பவர்கள் சண்டைக்கென்று சொல்லிக் கேட்கமாட்டார்கள், "வளர்க்கத்தான்" என்பார்கள். கொடுப்பதானால் தெரிந்த வீட்டுக்குக் கொடுங்கள். பாதாம், முட்டை என்று பந்தயத் தீனியும் வேண்டாம். கம்பும் சோளமும் கீரையும் மண்குளியலுக்கு ஒரு மூலையும் போதும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மருந்தகத்தில் காட்டினோம், கண் திறந்துவிட்டது, தடுப்பூசியும் போட்டாயிற்று. ஒரு சேவல் கொல்லைப்புறத்துக்கும் மற்றது மொட்டைமாடிக்கும் போய்விட்டன. காலையில் இரண்டும் மாறி மாறிக் கூவுவதை மட்டும் எந்தத் தட்டியாலும் மறைக்க முடியவில்லை.