வயதைச் சீராக்குவதா, நியமமாக்குவதா? (கலைச்சொல் விவாதம்)

மீ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செவிலிய மாணவிகளுக்கான பாடம் ஒன்றை வியாழனுக்குள் தமிழில் முடித்துத் தரவேண்டும். பசிபிக் தீவுகளில் புற்றுநோய் இடத்துக்கு இடம் எப்படி வேறுபடுகிறது என்பதுதான் பாடம். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, 'ஏஜ் ஸ்டாண்டர்டைஸ்டு ரேட்' மட்டும் நகர மறுக்கிறது.

பப்புவா நியூ கினியில் பாதிப்பேருக்கு 25 வயது ஆகவில்லை. நியூசிலாந்தில் பாதிப்பேர் 35-ஐத் தாண்டியவர்கள். லட்சத்துக்கு எத்தனை பேர் என்று அப்படியே எண்ணினால், இளவட்டம் நிறைந்த தீவில் நோயே குறைவு போலத் தெரியும். அதனால் ஒவ்வொரு வயதுப் பிரிவின் வீதத்தையும் தனித்தனியே எடுத்து, எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு கற்பனை மக்கள்தொகையில் பொருத்திக் கூட்டுகிறார்கள். 1960-இல் ஜப்பானின் மிட்சுவோ செகி அமைத்து, 1966-இல் ரிச்சர்டு டால் குழுவினர் திருத்திய கணக்கு. அப்படிச் செய்தபின் வாய்ப்புற்றில் பப்புவா நியூ கினி உலகின் உச்சிக்கு வந்துவிடுகிறது.

இப்போதைக்கு 'வயது தரப்படுத்திய வீதம்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

யாழ்ப்பாணத்தார் எழுதியது:

தங்கச்சி, 'தரப்படுத்தல்' மட்டும் வேண்டாம். எங்கட ஆட்களுக்கு அது இலங்கையில் 1970-களில் தமிழ் மாணவரிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட பல்கலைக்கழக அனுமதி முறை. அந்தக் கதை முடிந்துதான் பாடத்துக்கு வருவார்கள். 'ஸ்டாண்டர்டு டீவியேஷன்' என்பதை நாங்கள் 'நியம விலகல்' என்று படித்தவர்கள். 'வயது நியமமாக்கிய வீதம்' எழுதுங்கோ. சீராக்காத வீதத்துக்குப் 'பருமட்டு வீதம்' இருக்கிறது.

புலவர் எழுதியது:

நியமமும் வடசொல், வயதும் வடசொல். இரண்டு வடசொல்லுக்கு நடுவே தமிழ் எங்கே நிற்கும்? அகம் என்பதிலிருந்து அகவை. இத்தனை ஆண்டுக்கு உட்பட்டவர் என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. 'அகவைச்சீர் வீதம்' என்பதே என் பரிந்துரை. 'வீதம்' கூட 'விகிதம்' தேய்ந்தது என்பார் உண்டு. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

டாக்டர் எழுதியது:

ஐயா, 'அகவைச்சீர்' என்றால் அகவற்சீரா, ஈரசையா என்று கேட்பார்கள். வினைத்தொகையாகப் பிரித்தாலும் சீர்த்த வீதம், சீர்க்கும் வீதம். புற்றுநோய்க்குச் சீர்த்தி எதற்கு?

தமிழ்நாட்டுப் பாடநூலில் நியம விலகலுக்குத் 'திட்ட விலக்கம்' உண்டு. அதை ஒட்டி 'வயதுத் திட்ட வீதம்' என்று போட்டுப் பார்த்தேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண், "முதியோர் பென்சனா டாக்டர்?" என்றாள். அத்தோடு அதைக் கைவிட்டேன்.

'வயது சீராக்கிய வீதம்' போதுமே. நோயாளி வீட்டாருக்கும் விளங்கும்.

புலவர் எழுதியது:

விளங்குவது மட்டுமே அளவுகோல் என்றால் 'ரேட்' என்றே எழுதிவிடலாம், எல்லாருக்கும் விளங்கும்.

நிற்க. மீ. அனுப்பிய வரைவின் மூன்றாம் பக்கத்தில் 'பீட்டல் நட்' என்பதற்கு 'வெற்றிலைக் கொட்டை' கண்டேன். இது என்ன கொடுமை? வெற்றிலைக்கு ஏதம்மா கொட்டை? பாக்கு என்று எழுதக் கூடாதா? நம் 'அடைகாய்' மலையாளத்தில் 'அடக்க' ஆகி, போர்ச்சுகீசியர் வாயில் 'அரெக்கா' ஆகி, தாவரவியல் பெயராகவே நின்றுவிட்டது. நம் சொல்லை நாமே திரும்பப் பெயர்த்துக் கெடுப்பானேன்?

டாக்டர் எழுதியது:

இதில் ஐயாவோடு முழு உடன்பாடு. நோய்க்கும் இதுவே முக்கியம். புகையிலை சேராத பாக்கும் புற்றூக்கிதான் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட 85-ஆம் தொகுதியில் சொல்லிவிட்டது. பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், பலாவு எல்லாம் பாக்கு மெல்லும் நாடுகள். கிழக்கே சமோவா, டோங்காவில் அந்த மரபில்லை. ஒரே கடல்தான், வாய்ப்புற்று மட்டும் ஒரே அளவில் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் கட்டாதீர்கள். நியூ கலிடோனியாவில் மெலனீசியப் பெண்களிடம் தைராய்டு புற்று உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான வீதங்களில் ஒன்று. அணுகுண்டுச் சோதனையின் கதிர்வீச்சுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள்; பிரான்சு குண்டு வெடித்தது அங்கே அல்ல, 1966 முதல் 1996 வரை பிரெஞ்சுப் பாலினீசியாவில். மாணவிகள் இரண்டு இடங்களையும் குழப்புவார்கள், ஒரு வரி சேருங்கள்.

மீ. எழுதியது:

சேர்த்துவிட்டேன். 'பாக்கு' என்றும் மாற்றிவிட்டேன், நன்றி ஐயா. வீதத்துக்கு இதுவரை வந்த மடல்களில் 'சீராக்கிய' நால்வர், 'நியமமாக்கிய' இருவர், 'அகவைச்சீர்' ஒருவர். இன்று புதன் இரவு. 'வயது சீராக்கிய வீதம்' என்று அனுப்புகிறேன்.

புலவர் எழுதியது:

அனுப்புங்கள். அந்த ஒருவர் நான்தான் என்று அடிக்குறிப்பிலாவது இருக்கட்டும். வீதம் பற்றிய மடல் நாளை வரும்.

யாழ்ப்பாணத்தார் எழுதியது:

எங்கட பதிப்புக்கு நான் 'நியம' என்று மாற்றிக்கொள்வேன், கோபிக்க வேண்டாம். இன்னொன்று கேட்க மறந்தேன். பப்புவாவில் பாக்கோடும் சுண்ணாம்போடும் மெல்லுவது வெற்றிலையை அல்ல, அந்தக் கொடியில் திப்பிலிபோல நீளமாக வரும் கதிரை. 'டாகா' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன போட்டீர்கள்? வெற்றிலைக் கதிரா, வெற்றிலைத் திரியா?