அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்து உங்கள் கிறிஸ்தவ சபை விழித்துக்கொண்ட அந்த ஒரு தருணம் எது? நேரில் பார்த்ததை எழுதுங்கள்

பின்பெஞ்சு:
ரொம்ப நாளாக உறுத்துகிறது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் சபை எப்படி இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேருடைய சபையும் அப்படித்தான் இருக்கும். முன்வரிசை எல்லாம் காலி, வருகிறவர்களில் பாதிப் பேர் பென்ஷன்காரர்கள், கமிட்டி கூடினால் கூரை ரிப்பேர், இல்லையென்றால் ஆர்கன் ரிப்பேர். அன்றைக்கும் கூரைதான். வெளியே நல்ல மழை. பார்சல் டெலிவரி செய்கிற பையன் ஒருவன் ஹாலுக்குள் வந்து ஓரத்தில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். எங்கள் பொருளாளர் எழுந்து போனார், ஒரு வார்த்தை பேசவில்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பையன் "சாரி சார்" என்று ஹெல்மெட்டை எடுத்தான். அதுவரை வாயே திறக்காத ஒரு பாட்டியம்மா கைத்தடியை ஊன்றிப் போய் அந்தப் பிளக்கைத் திரும்பச் சொருகிவிட்டு, "கூரை யாருக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, ஒழுகுதான்னு அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

இப்போது ஹால் வாரநாட்களில் மதியம் முழுக்கத் திறந்திருக்கிறது. உட்கார இடம், தண்ணீர், கழிப்பறை, பிளக். யாரும் மதப் பிரசாரக் கைப்பிரதி கொடுப்பதில்லை. சபையில் இருக்கிற ஒரு வக்கீல் சனிக்கிழமை வந்து உட்கார்ந்து, வேலையில் விபத்தானவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பையன் அப்புறம் வரவே இல்லை. அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

மணியடிப்பவன்:
நல்ல விஷயம்தான், ஆனால் இதை விழிப்பு என்று சொல்லாதீர்கள். பிளக் கொடுப்பது உபசாரம். அவன் மழையில் ஏன் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று கேட்பதுதான் அக்கறை. அந்த வக்கீல் இல்லாவிட்டால் உங்கள் ஹால் வெறும் நிழற்குடை.

எங்கள் கதை வேறு. சபையிலேயே மூப்பர் (சபை நிர்வாகத்தில் இருக்கிற பெரியவர்) ஒருவர் வட்டிக்கு விடுவார், அதுவும் சபை மக்களுக்கே. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள், காணிக்கையில் பெரிய தொகை அவருடையது. புதிதாக வந்த போதகர் ஒரு ஞாயிறு பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கக் கொடுத்தார். வாசிக்கும் முறை அன்றைக்கு யாருடையது? அவருடையதுதான். தற்செயலா திட்டமா என்று இன்றுவரை தெரியாது, போதகரும் சிரித்தே மழுப்புகிறார்.

அதிகாரம் தெரியும்தானே. பஞ்சத்துக்கும் ராஜாவின் வரிக்கும் கடன் வாங்கி, வயலையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கும் நிலைக்கு வந்த ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர் இல்லை, சொந்தச் சகோதரர்கள். நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது (கூரை ரிப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்), அதன் நடுவில்தான் சபையைக் கூட்டி இதைப் பேசுகிறார். தானும் கடன் கொடுத்திருப்பதாகத் தன்னையும் சேர்த்தே சொல்கிறார். அந்த வசனத்தில் எங்கள் மூப்பர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வசனம் கண்ணுக்குத் தெரியாமலா நின்றார்? முன்வரிசையில் அவரிடம் கடன் வாங்கிய ஒரு அம்மா, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூப்பர் குரலை ஏற்றாமல் இறக்காமல் கடைசிவரை வாசித்து முடித்தார். அன்றைக்குப் பிரசங்கம் என்ன என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இல்லை.

வேதமே_போதும்:
மணியடிப்பவன், எல்லாவற்றையும் பொருளாதாரமாக்க வேண்டாம். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் 6ஐயும் வாசியுங்கள். தேவவசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரிப்பது (சாப்பாட்டுப் பங்கீட்டைக் கவனிப்பது) தகுதியல்ல என்று இயேசுவின் சீடர்கள் பன்னிருவரே சொன்னார்கள். எங்கள் சபையும் இப்போது ரொம்ப பிசி. முகாம், பேரணி, கையெழுத்து இயக்கம். போன மாதம் ஒரு விதவைத் தாயாரைப் பார்க்கப் போனேன். "பில்லெல்லாம் கட்டித் தர்றாங்க தம்பி, நல்லா இருக்கட்டும். ஆனா உட்கார்ந்து ஒரு ஜெபம் பண்ண ஒருத்தரும் வர்றதில்ல" என்றார். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

ஆல்டோ:
@வேதமே_போதும் அந்தத் தாயார் சொன்னது நியாயம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அப்போஸ்தலர் 6ஐ முழுதாகச் சொல்லுங்கள் பிரதர். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் (உதவிப் பங்கீட்டில்) விடுபட்டார்கள் என்ற புகாரில்தான் அது ஆரம்பிக்கிறது. ஒரு மொழிக்காரருக்குக் கிடைத்தது, இன்னொரு மொழிக்காரருக்குக் கிடைக்கவில்லை. பன்னிருவர் புகாரை ஒதுக்கவில்லை, ஏழு பேரை நியமித்தார்கள். அதில் ஒருவர் ஸ்தேவான், பந்தி விசாரிக்க வைத்த ஆள்தான் அடுத்த அதிகாரத்தில் அவ்வளவு நீளமாகப் பிரசங்கம் பண்ணுகிறார்.

எனக்கு மறக்காதது இது. பாடகர் குழுவில் இருந்த ஒரு பெண் இறந்துபோனாள். திடீர் சுகவீனம் என்று அறிவித்தார்கள். ஞாயிறு ஜெபக்குறிப்பு கேட்கும் நேரத்தில் அவள் அம்மா எழுந்து நின்று, "என் மகள் சுகவீனத்தில் சாகவில்லை. இனி யாரும் அப்படிச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆர்கன் வாசிப்பவருக்கு அடுத்த பாட்டை ஆரம்பிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, கை கட்டைகள் மேலேயே இருந்தது. ஆராதனை முடிந்ததும் பார்த்தால், வழக்கமாகப் போதகரைச் சுற்றி நிற்கிறவர்கள் அந்த அம்மாவைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார், ஒருவர் தன்னைப் பற்றியே சொன்னார்.

லண்டனில் 1953இல் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் கூப்பிடலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். சமாரிட்டன்ஸ் என்ற உதவி அமைப்பு அப்படித்தான் பிறந்தது. தன்னைப் பார்க்கக் காத்திருந்தவர்கள், உதவிக்கு வந்த சாதாரண ஆட்களிடம் பேசியே ஆறுதலடைந்து போவதை அவர் கவனித்தார். அடுத்த ஆண்டிலேயே, பேசுவதைக் கேட்கிற வேலையை அந்தத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். நாங்களும் இப்போது அதே மாதிரி ஒரு அறை வைத்திருக்கிறோம், பயிற்சி எடுத்தவர்கள் மட்டும் உட்காருவார்கள், நிலைமை மோசம் என்றால் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போவோம். அந்த அம்மா அதில் இல்லை. கேட்டோம், "எனக்கு முடியாது" என்றார். அதுவும் சரிதான்.

பழைய_செயலர்:
என் அனுபவம் சின்னது. உதவி வாங்கிய ஒரு பெண்ணை சபைப் பத்திரிகைக்காகப் போட்டோ எடுத்தார்கள், கிளிக் பண்ணும் நேரத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் போட்டோவையே அச்சடித்தும் விட்டார்கள்.

அதனால் இங்கே எழுதுகிற எல்லாருக்கும் சொல்கிறேன். வாங்குகிறவர் முகத்தைப் போடாதீர்கள், கொடுக்கிறவர் முகத்தையும் போடாதீர்கள். உதவிக்கான பணத்தைக் கட்டட நிதியோடு கலக்காதீர்கள், தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, வருஷாவருஷம் வெளியாள் தணிக்கை. பிள்ளைகளுக்கு டியூஷன் ஆரம்பித்தால் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக மூடிய அறையில் இருக்கவே கூடாது, அவர் மூப்பராக இருந்தாலும் போதகராக இருந்தாலும் சரி. புகார் வந்தால் கமிட்டிக்குள் பேசி முடிக்கக் கூடாது, சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும், சபைப் பெயர் கெடும் என்பவரைக் கமிட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஆராதனைக்கு வந்தால்தான் உதவி என்று வைக்காதீர்கள், இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியன் காயப்பட்டவனிடம் எந்தக் கோவில் என்று கேட்கவில்லை. அப்புறம் முக்கியமாக, என்ன வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்காமல் அவர்களைக் கேளுங்கள், முடிந்தால் கமிட்டியில் அவர்களையே உட்கார வையுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஆர்வத்தில் பத்து வேலை ஆரம்பிக்காதீர்கள், ஒன்றை எடுங்கள், ஓடுகிறதா பாருங்கள்.

பின்பெஞ்சு:
செயலர் அண்ணே, யாரும் கேட்கவில்லையே :) ஆனால் சாவி விஷயம் எங்களுக்குத் தேவைதான். இப்போது ஹால் சாவி அந்தப் பாட்டியம்மாவிடம்தான் இருக்கிறது, பொருளாளர் கேட்டும் தரவில்லை.

மணியடிப்பவன், பாதியில் விட்டுவிட்டீர்கள். அந்த மூப்பர் என்ன ஆனார்?

மணியடிப்பவன்:
நெகேமியா மாதிரி வஸ்திரத்தை உதறி எச்சரித்து, எல்லாரும் ஆமென் சொல்லி முடியவில்லை. வட்டியை விட்டுவிட்டார், அசலை ஒரு பைசா குறைக்காமல் வாங்கினார், ஒவ்வொருவருக்கும் ரசீது கொடுத்தார். அப்புறம் சபையில் சேமிப்புக் குழு ஆரம்பித்தோம், அவசரத்துக்கு வெளியே போய் வட்டிக்கு வாங்காமல் இருக்க. கணக்கு எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவரிடமே கொடுத்தார்கள். முன்வரிசை அம்மா மட்டும் அதில் சேரவில்லை. மூப்பர் கையில் கணக்கு நோட்டு இருக்கிறவரை சேர மாட்டேன் என்கிறார். வேறு ஆளைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம், அதற்கும் கமிட்டியில் இன்னும் சண்டைதான்.