அரக்க வம்சக் காதல் கதை: இறுதிக் காட்சிக்கு உதவி தேவை

நான் எழுதிவரும் அமானுஷ்யக் குறுநாவலின் இறுதி அத்தியாயத்தில், கருணை நுழைந்தவுடன் அச்சம் முற்றிலும் மறைந்துவிடுகிறது. நாயகன் அரக்க வம்சத்தவன். காதல் வளர வளர அவனுக்குள் நரமாமிசப் பசியும் வளர்கிறது. நாயகியோ அதை அறிந்தும் விலக மறுக்கிறாள்.

சாபவிமோசனம் கொடுத்துப் பார்த்தேன், பக்திக் கதையாகிவிட்டது. அவனைக் கொன்றால் அவளுடைய கருணைக்குப் பொருளில்லை. மகாபாரதத்தில் பாண்டவர்களைக் கொன்றுவர அனுப்பப்பட்ட இடிம்பி பீமன்மீது காதல் கொண்டாலும், மடிவது அவள் அண்ணன் இடிம்பன் என்பதால் அவளுடைய அகப்போராட்டம் நீள்வதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் சாபத்தால் ஓயாத பசிக்கு ஆளான காயசண்டிகைதான் நெருங்கிய முன்மாதிரி. ஆனால் அவளுடைய தீராப்பசி அள்ள அள்ளக் குறையாத பாத்திரமான அமுதசுரபியின் சோற்றால் தணிகிறது, என் நாயகனுக்கோ தணியவே கூடாது.

பசி அப்படியே நீடிக்க, நாயகியின் கருணையே வாசகரை நடுங்கவைக்கும்படி இறுதிக் காட்சியை எவ்வாறு அமைக்கலாம்?