ஆண்டு மலர்: ஏர் டெக்கான் கட்டுரை பற்றி

உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

மலருக்கு வந்த கட்டுரைகளில் ஒன்று, மலிவு டிக்கெட் விமானக் கம்பெனியான ஏர் டெக்கானைத் தொடங்கியவர் நம்ம மதுரைப் பக்கத்துச் சோழவந்தான்காரர் என்று அடித்துச் சொல்கிறது. 2020இல் சூர்யாவின் 'சூரரைப் போற்று' படம் வந்ததிலிருந்து இந்தப் பேச்சு நம்மிடையே ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தில்தான் அவர் நம்மூர். நிஜத்தில் அதைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத், கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டம் கொரூர்க்காரர்.

அந்த மனுசன் கதைக்கு நம்மூர் ஜோடனை எதற்கு? அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகன் ராணுவத்தில் சேர்ந்து, 1971 போரைப் பார்த்து, கேப்டனாக இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். குடும்ப நிலம் ஹேமாவதி அணைக்குள் போய்விட்டது. ஈடாகக் கிடைத்தது வெறும் தரிசு. அதில் கூடாரம் அடித்துத் தங்கி விவசாயம் பார்த்தார். பட்டுப்புழு வளர்ப்பில் செய்த வேலைக்காக 1996இல் ரோலக்ஸ் விருது வந்தது. மறு வருசம் ஹெலிகாப்டர் கம்பெனி. 2003இல்தான் விமானம். எனக்கென்னவோ விமானத்தைவிட அந்தத் தரிசுக் காலம்தான் பெரிசாகப் படுகிறது; கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவர் கம்பெனி முதலில் ஓட்டியது ஏடிஆர், 48 பேர் உட்காரும் விசிறி விமானம். றெக்கை மேலே இருப்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீழே வரப்பு வரைக்கும் தெரியும். சாப்பாடு காசுக்குத்தான். டிக்கெட்டில் சீட் நம்பர் கிடையாது, முதலில் ஏறியவருக்கு ஜன்னல். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகிய நம்ம சனத்துக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டிக்கெட்டைப் பெட்ரோல் பங்கில்கூட விற்றார்கள். ஒரு ரூபாய் டிக்கெட்டும் இருந்தது, கொஞ்சம் பேருக்குத்தான் கிடைத்தது என்றாலும். 2007இல் கம்பெனிப் பங்கு கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி முதலாளி மல்லையா கைக்குப் போனது. அடுத்த வருசம் கிங்ஃபிஷர் ரெட் என்று பேர் மாறியது. 2012இல் கிங்ஃபிஷரே நின்றுபோனது.

மதுரைக்காரர் நடத்திய விமானக் கம்பெனிதான் வேண்டும் என்றால் பாரமவுண்ட் இருக்கிறதே! மதுரை ஜவுளிக் குழுமம் ஒன்று 2005 அக்டோபரில் சென்னையை மையமாக வைத்துத் தொடங்கியது. பிரேசில் தயாரிப்பான எம்ப்ரேயர் ஜெட்டை இந்திய விமானக் கம்பெனிகளில் முதலில் கொண்டுவந்தது அவர்கள்தான். கோபிநாத்துக்கு நேர் எதிர் வழி: எல்லாமே பிசினஸ் கிளாஸ். அப்போது 80 சீட்டுக்குக் குறைந்த விமானத்துக்கு இறங்குகட்டணம் கிடையாது, சின்ன விமானங்களுக்கு எரிபொருள் வரியும் குறைவு. அந்தக் கணக்கைப் பிடித்துத்தான் சொகுசைக் கட்டுப்படியாகும் விலையில் கொடுத்தார்கள். ஜவுளிக்கடை மூளை, வேறென்ன! 2010இல் அதுவும் மூடியாயிற்று.

ஆகவே அந்தக் கட்டுரையை "நம்மூர்ப் பெருமைகள்" பகுதியிலிருந்து எடுத்துவிடலாம். எழுதிய தம்பியிடம் நானே பேசுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார். பாரமவுண்டில் வேலை பார்த்தவர்கள், இல்லை அதில் அடிக்கடி வந்துபோனவர்கள் நம்மில் யாராவது இருந்தால் ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். அந்தப் பக்கங்களைக் காலியாகவே வைத்திருக்கிறோம்.