போஸ்ட்கிரஸுக்கு மாற்றிய பிறகு ஒரு பில்லும் சேவ் ஆகவில்லை, ஐடி ஏற்கெனவே இருக்கிறதாம்

கடைப்பில்:
புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில்லிங் செய்து கொடுத்திருக்கிறேன், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஞாயிறு கடை பூட்டின நேரம் பார்த்து போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றி, பழைய பில்களை சிஎஸ்வியாக எடுத்து காப்பி கட்டளையால் ஏற்றினேன். 41312 பில்லும் சரியாக வந்தன. திங்கள் காலை முதல் பில்லைப் போட்டால் டூப்ளிகேட் கீ, ஐடி 1 இருக்கிறதாம். திரும்ப அழுத்தினால் 2 இருக்கிறதாம், பிறகு 3. ஐடி கொலத்தை சீரியல் என்றுதான் போட்டிருக்கிறேன். முதலாளி பில் புத்தகத்தை எடுத்து கையால் எழுதத் தொடங்கிவிட்டார்!

வெள்ளவத்தை வாசி:
தம்பி, அந்த 1, 2, 3 தான் விடை. சீரியல் என்பது தனி டைப் இல்லை, சாதாரண இன்டிஜர் கொலத்துக்குப் பின்னால் ஒரு சீக்வென்ஸ் உட்கார்ந்து நம்பர் கொடுக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் ஐடியையும் சேர்த்தே ஏற்றியதால் அதனிடம் யாரும் நம்பர் கேட்கவில்லை, அது 1இலிருந்துதான் எண்ணத் தொடங்கியிருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் பெரிய ஐடி ஒன்றைக் கையால் போட்டால் கவுன்டர் தானாக மேலே போய்விடும், இங்கே போகாது. 41312 தடவை அழுத்தினால் தானாகச் சரியாகும், ஆனால் முதலாளி அதுவரை பொறுக்க மாட்டார். பில் போடுவதை நிறுத்திவிட்டு, சீக்வென்ஸ் நிற்கும் நம்பரை மாற்றுகிற செட்வேல் ஃபங்ஷனுக்கு சீக்வென்ஸின் பெயரையும் டேபிளின் மேக்ஸ் ஐடியையும் கொடுங்கள், அடுத்த பில் 41313. ஐடியோடு ஏற்றிய மற்ற டேபிள்களுக்கும் இதையே செய்ய வேண்டும், கஸ்டமர் டேபிளை மறந்துவிடாதீர்கள்.

இரவுக்கோடு:
சீக்வென்ஸ் தலையிடி எதற்கு? மேக்ஸ் ஐடியோடு 1 கூட்டிப் போட்டால் முடிந்தது.

வெள்ளவத்தை வாசி:
இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் பில் போட்டுப் பாருங்கள். இரண்டு பேருக்கும் மேக்ஸ் 41312 தான் தெரியும், இரண்டு பேரும் 41313ஐப் போடுவார்கள், ஒருவருடையது சேவ் ஆகாது. இந்த யோசனையை நானும் ஒரு காலத்தில் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

கடைப்பில்:
செட்வேல் வேலை செய்தது அண்ணா, மிச்ச ஐந்து டேபிளுக்கும் போட்டுவிட்டேன். ஆனால் இப்போது 41316ஐக் காணவில்லை, 41315க்குப் பிறகு 41317. கணக்குப்பிள்ளை பில்லை யார் கிழித்தது என்று கேட்கிறார்.

வெள்ளவத்தை வாசி:
இடையில் ஏதாவது பில் ரோல்பேக் ஆகியிருக்கும், அதாவது சேவ் ஆகாமல் பாதியில் ரத்தாகியிருக்கும். சீக்வென்ஸ் ஒருமுறை கொடுத்த நம்பரைத் திரும்ப வாங்காது, அதனால்தான் இரண்டு கவுன்டரும் ஒன்றையொன்று காத்திருக்காமல் ஓடுகின்றன. ஐடியை பில் நம்பராக அச்சடித்ததுதான் பிழை. இடைவெளியே வரக்கூடாது என்றால் பில் நம்பருக்குத் தனிக் கொலம் வையுங்கள். கடைசி நம்பர் மட்டும் இருக்கிற ஒரே நிரை டேபிளை, பில் சேவ் ஆகும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அப்டேட் செய்து நம்பரை எடுங்கள். அப்போது இரண்டும் ஒன்றாகச் சேவ் ஆகும் அல்லது ஒன்றாக ரத்தாகும், ரோல்பேக் ஆனால் நம்பரும் திரும்பிவிடும். ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டிவரும், ஒரு கடைக்கு அது பெரிய விஷயம் இல்லை.

கடைப்பில்:
ஆமாம், 41316 கடன் எல்லை தாண்டியதால் கேன்சல் ஆன பில். லாக் பதிவில் இருந்தது, கணக்குப்பிள்ளைக்குக் காட்டிவிட்டேன்.