மில் சங்கு பற்றிய கவிதை, எந்தப் பத்திரிகை? (அவசரம்)

வியாசர்பாடி_குமரன்: ஞாயிறுக்குள் வேண்டும். பழைய பத்திரிகைக் கவிதை. "சங்கு ஊதும், நாங்கள் எழுவோம் / இன்று எழுந்துவிட்டோம், சங்கு எங்கே" என்று வரும். யார் எழுதியது?

பழையபேப்பர்: எந்த வருஷம்? வார இதழா, மாத இதழா? நீங்கள் படித்ததா, யாராவது சொன்னதா?

மணிக்கூண்டு: சுபமங்களா. கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த காலம். சந்தேகமே வேண்டாம்.

எழுத்தாணி: தம்பி, 'எழுத்து' இதழ் 1959இல் வந்தது முதல் எத்தனை ஆயிரம் புதுக்கவிதை அச்சாகியிருக்கும்? ஒழுங்காகக் கேட்கவும் பயிற்சி வேண்டும்.

காசிமேட்டான்: மில் என்று யார் சொன்னது? இது துறைமுகச் சங்கு.

பெரம்பூர்_பாலு: மில் சங்கு கேட்டுத்தான் எங்கள் அம்மா உலை வைப்பார். கப்பலுக்கு யார் எழுந்தார்கள்?

காசிமேட்டான்: நாங்கள் எழுந்தோம்.

வியாசர்பாடி_குமரன்: அப்பா பின்னி மில்லில் இருந்தார். அடிக்கடி சொல்லுவார். ரேஷன் கார்டு உறைக்குள் துண்டு வைத்திருந்தார், மேல்பாதி கிழிந்துவிட்டது, கடைசி நான்கு வரிதான் மிச்சம். ஞாயிறு அவருக்குக் கருமாதி. படத்துக்குக் கீழே முழுசாகப் போடணும்.

பழையபேப்பர்: வருத்தங்கள். ஆனால் துண்டு இருக்கிறதென்று முதலிலேயே சொல்லக் கூடாதா! பின்பக்கம் என்ன?

வியாசர்பாடி_குமரன்: தாது வருஷப் புத்தாண்டு பலன். கடகம் பாதி.

பழையபேப்பர்: சரி, முடிந்தது. தாது பிறந்தது 1996 ஏப்ரலில். சுபமங்களா 1995இலேயே நின்றுவிட்டது, அதில் ராசிபலன் ஏது? வருஷப் பிறப்பை ஒட்டி வந்த ஜனரஞ்சக இதழ் இது. எழும்பூர் கன்னிமாராவுக்குப் போங்கள்; நாட்டில் அச்சாகும் நூல், இதழ்களின் பிரதி சட்டப்படி போய்ச்சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. ஏப்ரல் மாத விகடன், குமுதம், கல்கியிலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே இல்லையென்றால் தரமணி ரோஜா முத்தையா நூலகம். கவிதையைத் தேடாதீர்கள், கடகத்தைத் தேடுங்கள். அதற்குத்தான் பெரிய தலைப்பு இருக்கும்.

எழுத்தாணி: நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்.

மணிக்கூண்டு: சுபமங்களாவில் வந்ததை யாராவது மறுபடி போட்டிருக்கலாம்.

வியாசர்பாடி_குமரன்: கிடைத்தது, நன்றி. பத்திரிகையில் 'சைரன்' என்று இருக்கிறது. அப்பாதான் சங்கு என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னபடியே அச்சடித்துவிட்டோம்.

பழையபேப்பர்: எந்த இதழ்? யார் எழுதியது?

பழையபேப்பர்: குமரன்?

காசிமேட்டான்: சைரன் துறைமுகத்திலும் உண்டு.