ஈட்டி எறிகிற பையன், பேஸ்பால் மைனர் லீக், ஒன்றரை லட்சம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மேலூர் மாமன்:
வணக்கம். என் தங்கச்சி மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் ஈட்டி எறியப் பயிற்சி எடுக்கிறான். ஊரில் டென்னிஸ் பால் கிரிக்கெட் நடந்தால் இவனை பவுண்டரியில்தான் நிறுத்துவார்கள். அங்கிருந்து எறிந்தால் நேராக கீப்பர் கைக்கு வரும். போன மாதம் ஸ்டேடியத்துக்கு வந்த ஒருவர் இவன் எறிவதைப் பார்த்துவிட்டு, "அமெரிக்காவில் பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுகிறவர்) ஆகலாம், மைனர் லீக்கில் சேர்த்துவிடுகிறேன், ட்ரையலுக்கும் விசாவுக்கும் ஒன்றரை லட்சம்" என்கிறார். முன்னால் இப்படிப் போன இரண்டு வடநாட்டுப் பையன்கள் படத்தையும் போனில் காட்டினார். மாப்பிள்ளை லோடு வண்டி ஓட்டுகிறார், நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார்கள். தாய்மாமன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். மைனர் லீக் என்றால் என்ன? சம்பளம் உண்டா?

திருநகர் செந்தில்:
அண்ணே, நகையை மட்டும் வைக்க விடாதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஆட்கள் யாராவது விவரமாகச் சொல்வார்கள், பொறுங்கள்.

எல்லீஸ் நகர் சரவணன்:
அண்ணே, நான் கெமிக்கல் இன்ஜினியர். மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் சில வருடம் வேலை பார்த்தேன். அவர் காட்டிய இருவரில் ஒருவரான ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு இல்லை), 2011-ல் அந்த ஊர் அணியான வெஸ்ட் வர்ஜீனியா பவருக்குத்தான் வீசினார். நம்ம நாட்டுப் பையன் என்பதற்காகவே வேலை முடிந்ததும் மைதானத்துக்குப் போவேன். இடது கைக்காரர். முதலில் இறங்குகிற பிட்சர் இல்லை, நடுவில் கூப்பிட்டால் போய் வீசுகிறவர். கூப்பிடாத நாளில் ஓரமாக உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்.

ரிங்குவும் தினேஷ் படேலும் உத்தரப்பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். 2008-ல் நடந்த டிவி போட்டி ஒன்றில் ரிங்கு முதலில் வந்தார். அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்ற முன்னாள் மேஜர் லீக் (அங்கே பேஸ்பாலின் உச்ச லீக்) பிட்சரிடம் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். அந்த வருடக் கடைசியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற மேஜர் லீக் கிளப் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ரிங்குவுக்குப் போட்டியில் கிடைத்த பரிசே ஒரு லட்சம் டாலர். பணம் பையனைத் தேடி வந்தது அண்ணே, பையன் வீட்டிலிருந்து போகவில்லை. விசாவும் அப்படித்தான். விளையாட்டு வீரருக்கான விசா மனுவை ஒப்பந்தம் போட்ட கிளப்தான் தாக்கல் செய்யும். ஒப்பந்தம் கையில் இல்லாமல் விசாவுக்குப் பணம் கேட்கிறவரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதே இல்லை.

மைனர் லீக்கைப் பற்றிக் கேட்டீர்கள். மேஜர் லீக்கில் 30 கிளப்புகள். ஒவ்வொன்றின் கீழேயும் பையன்களை வளர்க்கிற அணிகள் உண்டு, அதுதான் மைனர் லீக். கீழிருந்து மேலாக: ரூக்கி, ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. ரிங்கு 2009-ல் ஃபுளோரிடாவில் ரூக்கி நிலையில் தொடங்கினார். அந்த ஜூலையிலேயே ஒரு வெற்றி அவர் பெயரில் பதிவானது, தொழில்முறை பேஸ்பாலில் இந்தியர் ஒருவருக்கு அதுதான் முதல் வெற்றி. தினேஷை 2010 டிசம்பரில் விடுவித்துவிட்டார்கள். ரிங்கு 2011-ல் ஏ நிலை வரை வந்தார், அமெரிக்கக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவில் கான்பெரா அணிக்கும் வீசினார். அப்புறம் முழங்கை போய்விட்டது, ஆபரேஷன். மறுபடி ஒரு லீக் ஆட்டத்திலும் அவர் வீசவில்லை. 2018-ல் அமெரிக்க மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அவ்வளவு உழைத்தவர், நான் என் கண்ணால் பார்த்தவர். அதனால்தான் அவர் படத்தைக் காட்டி யாரோ பணம் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

சம்பளத்துக்கு வருகிறேன். 2021-ல் ஏ நிலையில் வாரத்துக்கு 500 டாலர், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். 2023-ல் மைனர் லீக் வீரர்கள் சங்கமாகச் சேர்ந்து முதல் ஒப்பந்தம் போட்ட பிறகு ஏ நிலையில் வருடத்துக்குக் குறைந்தது 26,200 டாலர், டிரிபிள் ஏ-யில் 35,800. தங்குமிடத்தை 2022 முதல் கிளப்பே தருகிறது. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், அங்கே அது சாப்பாட்டுக்கும் வரிக்கும் போகிற பணம். ரிங்கு ஆடிய லீக்கில் அப்போது ஐந்து மாதத்துக்குள் 140 ஆட்டம். வடக்கே நியூஜெர்சி, தெற்கே ஜார்ஜியா, எல்லாம் ராத்திரி பஸ்.

பையன் கையில் வேகம் இருக்கலாம். ஆனால் 18.44 மீட்டர் தள்ளி இருக்கிற அடிப்பவர் முன்னால் தரையில் பதித்த 43 சென்டிமீட்டர் அகலத் தட்டுக்கு மேலே பந்து போக வேண்டும், நாள் முழுக்க, ஒவ்வொரு தடவையும். ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி என்று ஒருவர் இருந்தார். அவரைவிட வேகமாக யாரும் வீசியதில்லை என்று இன்னும் சொல்கிறார்கள். 1960-ல் மைனர் லீக்கில் 262 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆக்கினார், அதே 262 பேரை வாக்கில் விட்டார், அதாவது நாலு பந்து குறி தவறி அவர்கள் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போனார்கள். மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஈட்டிக்குத் தூரம் போதும், பிட்சருக்குக் குறி வேண்டும். டொமினிகன் ரிபப்ளிக்கிலும் வெனிசுவேலாவிலும் பையன்கள் 16 வயதிலேயே கையெழுத்துப் போடுகிறார்கள், அதற்கு முன்னால் பல வருடம் பந்தோடு வளர்ந்தவர்கள். உங்கள் மருமகன் அவர்களோடுதான் போட்டி போட வேண்டும்.

ஈட்டியை விடச் சொல்லாதீர்கள் அண்ணே. ரயில்வேயிலும் ராணுவத்திலும் விளையாட்டு வீரர்களை எடுக்கிறார்கள், தமிழ்நாடு அரசு வேலையிலும் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

கே.கே. நகர் பிசியோ:
முழங்கையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன் அண்ணா. வீசும்போது முழங்கையின் உள்பக்க லிகமெண்டில்தான் இழுவை அதிகம். அது கிழிந்தால் முன்கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டுவார்கள். 1974-ல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தது, அந்தப் பிட்சர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். மறுபடி வீச ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஈட்டியிலும் இந்த முழங்கைதான் அடிபடும். நீரஜ் சோப்ராவே 2019-ல் முழங்கை ஆபரேஷன் செய்துகொண்டவர்தான்.

பையன் காலையில் ஈட்டியும் சாயங்காலம் பவுண்டரியிலிருந்து முழு வேகத்தில் எறிவதுமாக இருந்தால், தயவுசெய்து அதைக் குறையுங்கள். 17, 18 வயதுப் பிட்சர் ஒரு நாளில் 80 பந்துக்கு மேல் வீசினால் 4 நாள் ஓய்வு என்று அமெரிக்காவில் விதிமுறை வகுத்திருக்கிறார்கள். உள்பக்கம் வலியோ, மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் மதமதப்போ இருந்தால் எறிவதை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

மேலூர் மாமன்:
சரவணன் தம்பி, பிசியோ அம்மா, மிக்க நன்றி. தங்கச்சியிடம் பேசிவிட்டேன், நகை பீரோவில்தான் இருக்கிறது. சாயங்கால ஆட்டத்துக்கும் பரீட்சை முடியும்வரை லீவு. பையனுக்குத்தான் மனசு ஆறவில்லை, "என் வேகம் எவ்வளவு என்றாவது தெரிய வேண்டும் மாமா" என்கிறான். இங்கே ஸ்பீட் கன்னுக்கு எங்கே போவது?

எல்லீஸ் நகர் சரவணன்:
போன் போதும் அண்ணே. ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 பிரேம் என்று வையுங்கள். கையிலிருந்து பந்து விடும் இடத்துக்கும் சுவருக்கும் 17 மீட்டர் இருக்கும்படி டேப்பில் அளந்து, பக்கவாட்டில் நின்று படம் எடுங்கள். கை விட்டதிலிருந்து சுவரில் படும்வரை பிரேம்களை எண்ணுங்கள். 122 வந்தால் சராசரி மணிக்கு 120 கிலோமீட்டர், 105 வந்தால் 140. நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, ஓய்வெடுத்த நாளில், பத்துப் பந்துக்கு மேல் வேண்டாம். எண்ணிக்கையை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.